பூட்டிய பிறகும் மாறும் ரெஜிஸ்டர்: வன்பொருள் லாக் பிட்டுகளைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிப்பின் பாதுகாப்பு கடைசியில் சில ரெஜிஸ்டர்களின் (சிப்புக்குள் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்களின்) மதிப்பில்தான் வந்து நிற்கும். எந்த நினைவகப் பகுதியை யார் படிக்கலாம், ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷில் யார் எழுதலாம், சிப்பின் உள்ளே பார்த்துப் பிழை தேட உதவும் டீபக் வாசல் திறந்திருக்குமா, வெப்பம் எவ்வளவு ஏறினால் கடிகார வேகம் குறைய வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. சிப் உயிர்பெற்றதும் நம்பகமான துவக்க ஃபர்ம்வேர் இந்த மதிப்புகளை எழுதும். எழுதி முடித்ததும் அதற்குரிய லாக் பிட்டை, அதாவது அந்த மதிப்பைப் பூட்டும் ஒற்றை பிட்டை, 1 ஆக்கிவிட்டு, கட்டுப்பாட்டை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும். அதற்கப்புறம் கெர்னல் உரிமையைக் கைப்பற்றியவராலும் அந்த மதிப்புகளை அசைக்க முடியக் கூடாது.

ஏட்டில் இவ்வளவுதான். ஆனால் மைட்டர் நிறுவனம் 2020 பிப்ரவரியில் பலவீன வகைகளுக்கு எண் கொடுக்கும் தன் சிடபிள்யூஇ பட்டியலுக்குள் வன்பொருள் பலவீனங்களைக் கொண்டுவந்தபோது, பூட்டு தொடர்பாக வரிசையாக நான்கு எண்கள் தேவைப்பட்டன. 1231 என்பது லாக் பிட்டையே மாற்ற முடிவது. 1232, மின்நிலை மாறும்போது பூட்டு தவறாக நடந்துகொள்வது. 1233, முக்கியமான கட்டுப்பாட்டுக்குப் பூட்டே இல்லாமல் போவது. 1234, உள் பயன்முறையோ டீபக் பயன்முறையோ பூட்டைத் தாண்ட விடுவது. 2021இல் வெளியான 12 முக்கிய வன்பொருள் பலவீனங்களில் 1231, 1233 இரண்டும் இடம்பிடித்தன.

இந்த வழிகாட்டி சிப் வடிவமைப்பாளருக்கும், ஃபர்ம்வேர் எழுதுபவருக்கும், இரண்டையும் மறுஆய்வு செய்பவருக்கும். என் பார்வையில் லாக் பிட் என்ற ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் மின்சுற்று) பழுதாவது அபூர்வம். பூட்டு எதை மூடுகிறது, எந்த வழிகளை மூடுகிறது, எதுவரை மூடியிருக்கிறது என்ற மூன்றில் ஏதோ ஒன்றை யாரும் கேட்காமல் விட்டிருப்பார்கள். கீழே உள்ள படிகள் அந்தக் கேள்விகளைச் சுற்றியே போகின்றன. சோதனைகளை உங்கள் சொந்தச் சாதனத்திலோ அனுமதி பெற்ற சாதனத்திலோ மட்டும் செய்யுங்கள். சில சோதனைகள் சாதனத்தை நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கலாம்.

படி 1: பட்டியலை விளைவிலிருந்து தொடங்குங்கள்

பலரும் ரெஜிஸ்டர் அட்டவணையைத் திறந்து 'லாக்' என்ற சொல்லைத் தேடுவார்கள். அப்படித் தேடினால் பூட்டு உள்ளவை மட்டும்தான் கண்ணில் படும். பூட்டு இல்லாதவைதான் நமக்கு வேண்டும்.

எனவே தலைகீழாகப் போங்கள். முதலில் காக்க வேண்டியதை ஒரு வரியில் எழுதுங்கள்: 'இந்த நினைவகப் பகுதியை இயங்குதளம் படிக்கக் கூடாது.' பிறகு அந்த வரியைப் பொய்யாக்கக்கூடிய எல்லா ரெஜிஸ்டர் புலங்களையும் தேடுங்கள். பகுதியின் தொடக்க முகவரி, அளவு, அனுமதி பிட் ஆகியவை உடனே தோன்றும். முகவரியை வேறிடத்துக்குத் திருப்பும் ரெஜிஸ்டர், அதே முகவரி வரம்பில் இன்னொரு சாதனத்தை உட்கார வைக்கும் ரெஜிஸ்டர், கேஷ் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ரெஜிஸ்டர் போன்றவை அவ்வளவு எளிதில் தோன்றாது. வெப்ப வரம்புக்கும் இதே கதைதான். வரம்பைப் பூட்டிவிட்டு, உணரியின் அளவீட்டைத் திருத்தும் குணகத்தைத் திறந்து விட்டால், பூட்டிய எண் அப்படியே இருக்கும். அதன் பொருள் மாறிவிடும்.

ஏஎம்டி செயலிகளில் வெளிப்பட்ட சிங்க்குளோஸ் இதற்கு நல்ல உதாரணம். எஸ்எம்எம் என்பது இயங்குதளத்துக்கும் கீழே ஓடும் அதிஉரிமைப் பயன்முறை. அதன் நினைவகத்தைக் காக்கும் ரெஜிஸ்டர்களுக்கு ஒரு பூட்டு உண்டு. பூட்டியபின் அடிப்படை முகவரியும் அளவும் மாறாது. ஆனால் அதே ரெஜிஸ்டர்களில் ஒன்றில் டிகுளோஸ் என்று ஒரு பிட் இருந்தது. எஸ்எம்எம் பகுதிக்குப் போகும் தரவு அணுகல்களை அதே முகவரியில் இருக்கும் வேறு சாதனத்துக்குத் திருப்புவது அதன் வேலை, பழைய பொருத்தத்துக்காக வைத்த வசதி. பூட்டு போட்ட பிறகும் அந்த பிட்டை மாற்ற முடிந்தது. கெர்னல் உரிமை உள்ள தாக்குபவர் அதைக் கொண்டு எஸ்எம்எம் குறியீடு தன் தரவைத் தவறான இடத்திலிருந்து படிக்கும்படி செய்து, அதன்மூலம் எஸ்எம்எம்மிலேயே தன் குறியீட்டை ஓட்ட முடிந்தது. ஐஓஆக்டிவ் ஆய்வாளர்கள் என்ரிக்கே நிசிம், கிரிஷ்டோஃப் ஒகுப்ஸ்கி இருவரும் 2024 ஆகஸ்டில் டெஃப்கான் மாநாட்டில் இதை விளக்கினார்கள். வெளியான பாதுகாப்புப் பிழைகளுக்கு எண் கொடுக்கும் சிவிஇ பட்டியலில் இதன் எண் சிவிஇ-2023-31315. இங்கே பூட்டு உடையவே இல்லை. வேலியின் இடம் மாறவில்லை, வேலிக்கு உள்ளே எது தெரிகிறது என்பது மாறியது.

சரியாகச் செய்ததற்கும் உதாரணம் உண்டு. திறந்த செயலிக் கட்டமைப்பான ரிஸ்க்-ஃபைவின் பிஎம்பி நினைவகக் காப்பில் ஒரு பதிவின் (ஒரு நினைவகப் பகுதிக்கான விதியின்) மேல் எல்லை அதன் முகவரி ரெஜிஸ்டரில் இருக்கும். டிஓஆர் என்ற வகையில் கீழ் எல்லையோ முந்தைய பதிவின் முகவரி ரெஜிஸ்டரில் இருக்கும். இந்தப் பதிவைப் பூட்டிவிட்டு முந்தையதைத் திறந்து விட்டால் கீழ் எல்லையை நகர்த்திவிடலாம் அல்லவா? அதனால்தான் டிஓஆர் பதிவு பூட்டப்பட்டால் முந்தைய முகவரி ரெஜிஸ்டருக்கான எழுத்தும் புறக்கணிக்கப்பட வேண்டும் என்று விவரக்குறிப்பே சொல்கிறது. உங்கள் வடிவமைப்பில் 'பக்கத்து வீட்டில் இருக்கும் பாதி மதிப்பு' எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள்.

இந்தப் படிக்கு மொத்த நேரத்தில் பாதி போனாலும் தகும்.

படி 2: அது எந்த வகைப் பூட்டு?

'பூட்டு' என்று கையேடு சொல்வதெல்லாம் ஒரே பொருள் அல்ல.

ஒட்டும் பூட்டு என்பது 1 எழுதினால் ரீசெட் வரை 0 ஆகாத பிட். ஓப்பன்டைட்டன் என்ற திறந்தமூலப் பாதுகாப்புச் சிப் திட்டம் இதைத் திருப்பிப் போட்டு, எழுத்து அனுமதி ரெஜிஸ்டராக வைத்திருக்கிறது: ரீசெட்டில் 1, மென்பொருளால் 0 ஆக்க மட்டுமே முடியும். இரண்டும் பயனில் ஒன்றுதான்.

ஒருமுறை மட்டும் எழுதும் புலம் வேறு. முதல் எழுத்தே பூட்டும்கூட. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஃபர்ம்வேர் அதை எழுதாமல் விட்டால், 'இயல்பு மதிப்பே போதும்' என்று நினைத்தால்கூட, அந்த முதல் எழுத்து பின்னால் வரும் யாருக்கோ கிடைக்கும். எனவே இயல்பு மதிப்பே வேண்டும் என்றாலும் அதையே ஒருமுறை எழுதியாக வேண்டும்.

சாவிப் பூட்டு இன்னொரு வகை. பல மைக்ரோகன்ட்ரோலர்களில் ஃபிளாஷ் கட்டுப்பாட்டையோ, நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கையோ திறக்க இரண்டு குறிப்பிட்ட எண்களை வரிசையாக எழுத வேண்டும். அந்த எண்கள் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். தறிகெட்டு ஓடும் நிரல் தற்செயலாக எழுதிவிடாமல் தடுப்பதற்குத்தான் அது; எதிராளிக்கு எதிரான காப்பு அல்ல. மறுஆய்வில் இதைப் பாதுகாப்புப் பூட்டு என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

படி 3: யார் எப்போது பூட்டுகிறார்கள்?

ரீசெட் முடிந்த நொடியில் ரெஜிஸ்டரின் மதிப்பு என்ன, அந்த நொடிக்கும் பூட்டும் நொடிக்கும் நடுவே யாருடைய குறியீடெல்லாம் ஓடுகிறது என்று ஒரு காலக்கோடு வரையுங்கள். விரிவாக்க அட்டையில் இருந்து வரும் ஆப்ஷன் ரோம் போன்ற பிறர் குறியீடு அந்த இடைவெளியில் ஓடினால் பூட்டு தாமதம். கணினித் துவக்க ஃபர்ம்வேரின் தரமான யூஇஎஃப்ஐ உலகில் 'எண்ட் ஆஃப் டிஎக்ஸ்இ' என்ற நிகழ்வு இதற்காகவே இருக்கிறது: அதற்கு முன் மேடையின் சொந்தக் குறியீடு மட்டும், அதற்குப் பின் வெளியார்.

பூட்டாமலே விட்டுவிடுவதும் நடக்கும். இன்டெல் செயலிகளில் மெய்நிகராக்கத்தை அனுமதிக்கும் வசதிக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் பிட் 0தான் பூட்டு. ஃபர்ம்வேர் பூட்டாமல் விட்டிருந்தால் லினக்ஸ் கெர்னல் தானே மதிப்பை எழுதிப் பூட்டிவிடும், 5.6 பதிப்பிலிருந்து இந்த வேலை ஒரே இடத்தில் நடக்கிறது. வன்பொருள் சரி, ஃபர்ம்வேர் மறந்தது என்ற நிலைக்கு இது நாகரிகமான தீர்வு. எல்லா ரெஜிஸ்டருக்கும் இப்படி ஒரு காவல்காரர் கிடைக்க மாட்டார்.

படி 4: எழுதும் வழிகளை எண்ணுங்கள்

ஒரு ரெஜிஸ்டருக்கு ஒரே முகவரி என்று நம்ப வேண்டாம். ஆர்பி2040 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் பெரும்பாலான ரெஜிஸ்டர்களுக்கு வழக்கமான முகவரி போக, குறிப்பிட்ட பிட்டுகளைப் புரட்ட, 1 ஆக்க, 0 ஆக்க என்று மூன்று மாற்று முகவரிகள் உண்டு. நிரலருக்கு மிக வசதி. இப்படிப்பட்ட வடிவமைப்பில் பூட்டுச் சோதனை முகவரி பிரிப்பானுக்கு அருகே வைக்கப்பட்டிருந்தால் ஒரு முகவரி மூடி மூன்று திறந்திருக்க வாய்ப்புண்டு. பூட்டுச் சோதனை ஃபிளிப்ஃபிளாப்பின் எழுத்து அனுமதிக் கம்பியிலேயே இருந்தால் இந்தக் கவலை இல்லை. நான் மறுஆய்வில் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இவற்றையும் பாருங்கள்: 8 பிட், 16 பிட் துண்டுகளாக எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் பூட்டை மதிக்கிறதா? செயலி அல்லாத மாஸ்டர்கள் (தாங்களே எழுத்தைத் தொடங்கும் உறுப்புகள்), அதாவது செயலியின் தலையீடின்றித் தரவை நகர்த்தும் டிஎம்ஏ, துணைச் செயலி போன்றவை, அதே பஸ் (சிப்புக்குள் தரவு போகும் பாதை) வழியாகத்தான் வருகின்றனவா, அல்லது தனி வாசலா? லாக் பிட்டும் தரவும் ஒரே ரெஜிஸ்டரில் இருந்தால், இரண்டையும் ஒரே எழுத்தில் அனுப்பும்போது தரவு ஏற்கப்படுமா? ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் கையேடு ஒன்றும் வன்பொருள் வேறொன்றும் செய்யக் கூடாது.

படி 5: பூட்டு நிஜமாகவே வன்பொருளில் இருக்கிறதா?

சில பூட்டுகள் பாதி வன்பொருள், பாதி மென்பொருள். இன்டெல் சிப்செட்டின் பயாஸ் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் மூன்று பிட்டுகளை எடுத்துக்கொள்வோம். பிட் 0 ஃபிளாஷில் எழுத அனுமதி. பிட் 1 அதற்கான பூட்டு. ஆனால் இது எழுத்து அனுமதியை நேரடியாகத் தடுப்பதில்லை. யாராவது பிட் 0ஐ 1 ஆக்கினால் எஸ்எம்ஐ என்ற குறுக்கீட்டை எழுப்பும், எஸ்எம்எம் குறியீடு வந்து அதைத் திரும்ப 0 ஆக்கும்.

ஒரே கோர் இருந்த காலத்தில் இது ஓடியது. பல கோர்கள் வந்தபின், ஒரு கோர் அனுமதியை 1 ஆக்கிக்கொண்டே இருக்க, எஸ்எம்எம் அதை அணைப்பதற்குள் கிடைக்கும் சின்ன இடைவெளியில் இன்னொரு கோர் ஃபிளாஷில் எழுதிவிடலாம். கோரி கேலன்பெர்க்கும் ரஃபால் வோய்ட்சுக்கும் விளக்கிய இந்தத் தாக்குதலுக்கு ஸ்பீட் ரேசர் என்று பெயர். மருந்து ஏற்கனவே சிப்செட்டில் இருந்தது: பிட் 5ஐ 1 ஆக்கினால், எல்லாக் கோர்களும் எஸ்எம்எம்மில் இருக்கும்போது மட்டுமே பயாஸ் பகுதியில் எழுத முடியும். பல ஃபர்ம்வேர்கள் அதைப் போடாமல் விட்டன. விளைவு ஆய்வுக்கட்டுரையோடு நிற்கவில்லை. ஈசெட் நிறுவனம் 2018 செப்டம்பரில் வெளிப்படுத்திய லோஜாக்ஸ் என்ற யூஇஎஃப்ஐ ரூட்கிட் (ஃபர்ம்வேரில் ஒளிந்துகொள்ளும் தீநிரல்) இந்த பிட்டுகளைப் படித்துப் பார்த்து, பிட் 1 இருந்தும் பிட் 5 இல்லாத கணினிகளில் இதே பந்தயத்தை ஓட்டித்தான் ஃபிளாஷில் தன்னை எழுதிக்கொண்டது.

எனவே ஒவ்வொரு பூட்டிலும் கேளுங்கள்: எழுத்து நடக்கவே முடியாதா, அல்லது நடந்தபின் யாரோ வந்து திருத்துகிறார்களா? இரண்டாவது என்றால் அதைப் பூட்டு என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.

படி 6: ரீசெட்டும் தூக்கமும்

அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். 'ரீசெட் வரை பூட்டியிருக்கும்' என்று கையேடு சொன்னால் அடுத்த கேள்வி: எந்த ரீசெட்? மின்சாரம் போய் வருவது, சூடான ரீசெட், வாட்ச்டாக் ரீசெட், டீபக்கர் தரும் ரீசெட், ஒரே ஒரு உறுப்பை மட்டும் மீட்டமைப்பது, மின்சேமிப்புக்காக ஒரு பகுதியின் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பத் தருவது எனப் பல உண்டு. ஒவ்வொன்றிலும் லாக் பிட் என்னவாகிறது, அது காக்கும் மதிப்பு என்னவாகிறது, அடுத்து ஓடும் முதல் குறியீடு யாருடையது என்று மூன்று நெடுவரிசைகளாக எழுதுங்கள்.

ஆபத்தான சேர்க்கைகள் இரண்டு. முதலாவது, பூட்டு திறந்துகொள்கிறது, ஆனால் நம்பகமான துவக்கக் குறியீடு ஓடுவதில்லை. எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் வகைகளில் ஜிபிஐஓ (பொதுப் பயன் உள்ளீடு-வெளியீடு) முனைகளின் அமைப்பைப் பூட்டலாம். குறிப்பிட்ட வரிசையில் எழுதிப் படித்தால் பூட்டு விழும். ஆனால் அந்தப் பூட்டு சிப் ரீசெட் வரை அல்லது அந்த உறுப்பின் ரீசெட் வரை என்று கையேடே சொல்கிறது. உறுப்பை மீட்டமைக்கும் பிட் கடிகாரக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் இருக்கிறது, சாதாரண மென்பொருள் அதை எழுதலாம். தற்செயல் பிழைகளைத் தடுக்கும் நோக்கத்துக்கு இது போதும். அதையே பாதுகாப்பு எல்லையாக நம்பி மேலே கட்டினால் போதாது.

இரண்டாவது சேர்க்கை எதிர்த்திசையில்: பூட்டு எப்போதும் மின்சாரம் உள்ள பகுதியில் இருக்கிறது, மதிப்பு தூங்கும் பகுதியில் இருக்கிறது. விழித்ததும் மதிப்பு இயல்புநிலைக்குப் போய்விட்டது, பூட்டு விழுந்தே இருக்கிறது. இயல்புநிலை 'எல்லாருக்கும் அனுமதி' என்றால், ஃபர்ம்வேர் நினைத்தாலும் சரிசெய்ய முடியாது.

கணினிகளில் எஸ்3 தூக்கம் (நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தந்து மற்றதை அணைக்கும் நிலை) பழைய தலைவலி. விழிக்கும்போது சிப்செட்டின் பல பூட்டுகள் திறந்த நிலையில் வரும். ஃபர்ம்வேர் மீண்டும் பூட்ட வேண்டும். 2015இல் பெட்ரோ விலாசா, சில மேக் கணினிகள் தூங்கி விழித்தபின் ஃபிளாஷ் பூட்டு போடப்படாமலே கிடப்பதைக் காட்டினார். ஆப்பிள் அதே ஆண்டு ஜூனில் சிவிஇ-2015-3692 என்ற எண்ணில் திருத்தம் வெளியிட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, விழிக்கும்போது ரெஜிஸ்டர்களைத் திரும்ப எழுதப் பயன்படும் எஸ்3 துவக்கப் பட்டியல் பல கணினிகளில் பாதுகாப்பற்ற நினைவகத்தில் இருப்பதை வோய்ட்சுக்கும் கேலன்பெர்க்கும் காட்டியிருந்தார்கள். மீண்டும் பூட்டும் கட்டளையே அந்தப் பட்டியலில் இருந்தால், தாக்குபவர் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் முடிந்தது.

படி 7: டீபக் விதிவிலக்கு

சோதனைக் கூடத்தில் பூட்டிய ரெஜிஸ்டரை மாற்ற வேண்டிய தேவை உண்மையானது. அதனால் 'பூட்டு இல்லை அல்லது டீபக் இயங்குகிறது' என்று எழுத்து அனுமதியில் ஒரு சமிக்ஞை சேர்ந்துவிடுகிறது. உற்பத்திச் சோதனைக்கான ஸ்கேன் பயன்முறைக்கும் இப்படித்தான். அந்தச் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று மூலம்வரை பின்தொடருங்கள். அங்கீகாரம் முடிந்தபின் மட்டும் எழும்புகிறதா, வெறும் ஒரு முனையை உயர்த்தினால் போதுமா, விற்பனைக்குப் போகும் சிப்பில் ஃபியூஸ் அதை நிரந்தரமாக வெட்டுகிறதா என்பதைப் பாருங்கள்.

விதிவிலக்கை ஒழுங்காக வைக்க முடியும். ரிஸ்க்-ஃபைவின் எஸ்எம்இபிஎம்பி நீட்டிப்பில் பூட்டிய விதிகளையும் திருத்த அனுமதிக்கும் ஆர்எல்பி என்ற பிட் உண்டு. அதை 0 ஆக்கியபின் பூட்டிய விதி ஒன்றாவது இருந்தால், பிஎம்பி ரீசெட் ஆகும்வரை அது 0ஆகவே நிலைத்துவிடும். விதிவிலக்குக்கும் ஒரு பூட்டு வைத்தாயிற்று. இதைக் காப்பியடிப்பதில் தவறில்லை.

படி 8: நிரூபியுங்கள்

ஆர்டிஎல் (சிப்பின் வடிவமைப்புக் குறியீடு) கையில் இருந்தால் ஒவ்வொரு பூட்டிய புலத்துக்கும் ஒரு அசெர்ஷன் (எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய விதி) எழுதுங்கள்: ரீசெட் இல்லாதபோது, பூட்டு 1 ஆக இருந்தால், அடுத்த துடிப்பில் புலத்தின் மதிப்பு இப்போதுள்ளதாகவே இருக்க வேண்டும். லாக் பிட்டுக்கும் ஒன்று: 1 ஆனபின் ரீசெட் இல்லாமல் 0 ஆகக் கூடாது. 'ரீசெட்' என்ற இடத்தில் படி 6இல் எழுதிய சரியான ரீசெட்டை மட்டும் போடுங்கள். எல்லா ரீசெட்டையும் விலக்கி எழுதினால் தேடும் பிழையையே விலக்கிவிடுவீர்கள். அசெர்ஷனில் டீபக் சமிக்ஞையைச் சேர்க்காமல், சாத்தியமான நிலைகளைக் கணித முறையில் ஆராயும் ஃபார்மல் கருவியை ஓட்டினால், படி 7இன் விதிவிலக்குகள் எதிருதாரணங்களாகத் தானாக வந்து விழும்.

கூடவே கவர் விதிகளும் வேண்டும்: பூட்டு 1 ஆகும் நிலையைக் கருவி அடைய முடிகிறதா? பூட்டுக்கு முன் புலம் மாற முடிகிறதா? பூட்டே விழாத வடிவமைப்பில் முதல் அசெர்ஷன் எப்போதும் பச்சையாகவே இருக்கும்.

சிலிக்கான் மட்டும் கையில் இருந்தால், பூட்டுக்கு முன் ஒவ்வொரு பிட்டையும் மாற்றிப் படித்து அது எழுதக்கூடியது என்று உறுதிசெய்யுங்கள். பூட்டியபின் படி 4இல் எண்ணிய ஒவ்வொரு வழியிலும் எல்லா பிட்டையும் புரட்ட முயலுங்கள். பிறகு ஒவ்வொரு ரீசெட், தூக்கத்துக்குப் பின்னும் திரும்பச் செய்யுங்கள். எக்ஸ்86 கணினிக்கு இன்டெல் 2014இல் வெளியிட்ட சிப்செக் கருவியில் ஃபிளாஷ் பூட்டு, பயாஸ் எழுத்துக் காப்பு, எஸ்எம்எம் நினைவகம் ஆகியவற்றுக்குத் தனித்தனி சோதனைகள் உண்டு. ஒருமுறை ஓட்டி, கணினியைத் தூங்க வைத்து எழுப்பி, இன்னொருமுறை ஓட்டி, இரண்டு முடிவுகளையும் ஒப்பிடுங்கள். அதன் கெர்னல் டிரைவர் வன்பொருளை நேரடியாகத் தொடும், எனவே அன்றாட வேலைக் கணினியில் ஓட்ட வேண்டாம்.

சாதனம் தாக்குபவர் கையிலேயே இருக்கும் என்றால் மின்னழுத்தத்தைச் சட்டென்று ஆட்டி ஒரே ஒரு பிட்டைப் புரட்டும் தாக்குதலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓப்பன்டைட்டன் முக்கியமான அனுமதிகளை ஒரு பிட்டாக வைப்பதில்லை. நான்கு பிட் வடிவத்தில் 'ஆம்' என்பது 0110, 'இல்லை' என்பது 1001. ஒன்று மற்றொன்றாக மாற நான்கு பிட்டும் ஒன்றாகப் புரள வேண்டும்.

படி 9: ஓட்டை கிடைத்தால்

சிப் இன்னும் வரைபடத்தில் இருந்தால் ஒரு வரி மாற்றம். வெளியே போய்விட்டால் வழிகள் குறுகும். செயலி என்றால் மைக்ரோகோடு (செயலிக்குள் ஓடும், புதுப்பிக்கக்கூடிய உள் குறியீடு) சில சமயம் கைகொடுக்கும். சிங்க்குளோஸுக்கு ஏஎம்டி மைக்ரோகோடு, ஃபர்ம்வேர் திருத்தங்களை வெளியிட்டது. மைக்ரோகன்ட்ரோலர் என்றால் அந்த ரெஜிஸ்டர் வரம்பையே நினைவகக் காப்பு அலகின் வழியாக மூடிவிட முடியுமா என்று பாருங்கள். உறுப்பு ரீசெட் பிட் இருக்கும் ரெஜிஸ்டரையும் சேர்த்து மூட வேண்டும். பூட் ரோமில் உள்ள பிழை என்றால் பெரும்பாலும் அடுத்த சிப் பதிப்புதான் தீர்வு.

அடுத்த பதிப்பு வரும்போது படி 1இன் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். முந்தைய பதிப்பில் 'ஒதுக்கப்பட்டது' என்று வெறுமையாக இருந்த பிட்டுகளுக்குப் புதிய பதிப்பில் வேலை வந்திருக்கும், பழைய பூட்டுக்கு அவை இருப்பதே தெரியாது. ரெஜிஸ்டர் அட்டவணையின் இரண்டு பதிப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, புதிதாக உயிர்பெற்ற ஒவ்வொரு பிட்டுக்கும் எந்தப் பூட்டு என்று எழுதச் சொல்லுங்கள்.